வெறுங்குளிசையும் மனச்சாட்சியும்

ஒரு வினாவை இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று. தாய் நாள்தோறும் அதன் நாவின் கீழ் ஒரு சிறு குளிசையை வைக்கிறாள். இப்படியே மூன்று வருடங்கள் செல்கின்றன. அந்தக் குளிசையிலோ மருந்து எதுவுமில்லை. இது தாய்க்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியாது, பிள்ளையைப் பார்க்கும் வைத்தியருக்குந் தெரியாது. எங்கோ பூட்டி வைக்கப்பட்ட ஒரு பட்டியலில் மாத்திரமே உண்மை எழுதப்பட்டிருக்கிறது. இது நீதியா?

இது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் வினா அன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 5 முதல் 12 வயது வரையான 812 பிள்ளைகளைச் சேர்த்து இத்தகைய பரிசோதனை ஒன்று நடத்தப்பட்டது. எல்லோரும் புல்லின் மகரந்தம் ஒவ்வாத பிள்ளைகள். 398 பேருக்கு மருந்துக் குளிசை; 414 பேருக்கு வெறுங்குளிசை. யாருக்கு எது என்பதைத் தீர்த்தது திருவுளச்சீட்டைப் போன்றதொரு முறை. மூன்று வருடம் குளிசை, அதன்பின் இரண்டு வருடம் அவதானிப்பு. முடிவு 2018இல் வெளிவந்தது.

மகரந்த ஒவ்வாமை நம்மூரிற் பலருக்குப் பழக்கமில்லாத வருத்தம். இங்கிலாந்திலும் வட ஐரோப்பாவிலும் யூன், யூலை மாதங்களிற் புல் பூக்கும்போது காற்றெல்லாம் மகரந்தத் தூள் நிறைகிறது. தும்மல் ஓயாது, கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைத்து இரவில் நித்திரை கெடும். இலண்டனில் வாழும் நம்மவர் சிலர் அங்கு சென்ற பின்னரே இதை அறிந்துகொண்டனர். ஆனால் வீட்டுத் தூசியால் வரும் தும்மலையும் தொய்வையும் நாம் நன்கறிவோம். அதற்குக் காரணம் வெறும் மண் தூசி அன்று. மெத்தையிலும் தலையணையிலும் வாழ்ந்து, நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களைத் தின்னும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுண்ணியின் கழிவே முக்கிய காரணம். இதனை 1960களில் ஒல்லாந்திலே லெய்டன் நகர ஆராய்ச்சியாளர் வூர்ஹோஸ்ற், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் எடுத்துக்காட்டினர்.

தீமை செய்யாத ஒரு துகளைப் பகைவன் என்று உடல் எண்ணிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. தும்மலை அடக்கும் குளிசைகள் உண்டு. ஆயினும் அவை அன்றன்றைக்கே. உடலின் எண்ணத்தையே மாற்ற முயலும் சிகிச்சை வேறொன்று. எந்தப் பொருள் ஒவ்வாதோ அந்தப் பொருளையே மிகச் சிறு அளவிற் கொடுத்துப் படிப்படியாகப் பழக்குவது. முள்ளை முள்ளால் எடுக்கும் வித்தை எனலாம்.

இந்த வித்தையின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நமது வினாவின் வேர் அங்கேதான் இருக்கிறது. மஞ்செஸ்ரர் நகரில் சாள்ஸ் பிளாக்லி என்றொரு வைத்தியர் இருந்தார். மகரந்த வருத்தம் அவரையே வாட்டியது. அவர் மகரந்தத்தைத் தம் மூக்கிலும் கீறிய தோலிலும் இட்டுப் பார்த்துத் தம் கண்டுபிடிப்புகளை 1873இல் நூலாக வெளியிட்டார். பின்னர் 1911ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த லெனாட் நூன் என்பவர், மகரந்தச் சாற்றை ஊசி மூலம் ஏற்றி நோயாளரைப் பழக்கும் முறையை லான்செற் சஞ்சிகையில் எழுதினார். மகரந்தத்தில் நஞ்சு இருக்கிறது, அதற்கு மாற்று நஞ்சை உடலே உண்டாக்கும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் தவறு. மகரந்தத்தில் நஞ்சு இல்லை. ஆயினும் ஊசி பலருக்குச் சுகம் தந்தது. நூன் 1913இற் காசநோயால் இறந்தார். நண்பர் ஜோன் பிறீமன் அப்பணியைத் தொடர்ந்தார். ஒவ்வாமையை மூட்டிவிடும் எதிர்ப்புரதம் எது என்பது 1960களின் பிற்பகுதியிலேதான் தெரியவந்தது. அதாவது அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஏன் சுகம் வருகிறது என்று அறியாமலே வைத்தியர்கள் ஊசி போட்டு வந்தனர்.

அதைவிட வியப்பு, உண்மையிற் சுகம் வருகிறதா என்பதையே நாற்பது வருடங்களாக ஒருவரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை. ஊசி போட்டவர்கள் வந்து ‘ஐயா, இந்த வருடம் பரவாயில்லை’ என்றார்கள். வைத்தியரும் மகிழ்ந்தார். போதாதா? போதாது என்று காட்டியவர் அதே வைத்தியசாலையின் வைத்தியர் வில்லியம் பிராங்லண்ட். யுத்த காலத்தில் யப்பானியரிடம் சிங்கப்பூரிற் சிறைப்பட்டிருந்தவர். 2020இல் 108 வயதிற் காலமானவர். அவர் தம் உடன் ஆய்வாளர் றோசா ஒகஸ்ரினுடன் சேர்ந்து 200 நோயாளரை நான்கு பிரிவாக்கினார். இரு பிரிவினருக்கு மகரந்தப் புரதம் கொண்ட ஊசி. மற்ற இரு பிரிவினருக்குப் பயன் தரக்கூடிய புரதம் இல்லாத ஊசி. முடிவு 1954இல் வெளிவந்தது. உண்மை மருந்து பெற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் நல்ல சுகம் கண்டனர். மற்றோரில்? மூன்றில் ஒரு பங்கினர் அவர்களும் நல்ல சுகம் என்றே கூறினர்!

இந்த மூன்றில் ஒரு பங்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வருடம் மகரந்தம் குறைந்திருக்கலாம். வருத்தம் தானாகத் தணிந்திருக்கலாம். வைத்தியர் கவனித்துப் பார்க்கிறார் என்ற நம்பிக்கையே நெஞ்சை இலகுவாக்கியிருக்கலாம். காரணம் எதுவாயினும், மூவரில் ஒருவருக்கு உப்புநீரும் மருந்தாகத் தோன்றுகிறது. அப்படியாயின் ‘போட்டேன், சுகம் வந்தது’ என்னும் சாட்சியத்துக்கு என்ன பெறுமதி? இதே பிராங்லண்ட், ஆஸ்துமாவுக்கென நெடுங்காலம் போடப்பட்டு வந்த கிருமித் தடுப்பூசி ஒன்றையும் இவ்வாறே சோதித்தார். அது உப்புநீரைவிட மேலானதன்று என்று 1955இல் தெரிந்தது. அதுவரையிற் காசு கொடுத்து, கை நோக ஊசி குத்திக்கொண்ட மக்களை எண்ணிப் பாருங்கள். சோதனை செய்யாமல் மருந்து கொடுப்பதும் மனிதர் மேற் செய்யும் சோதனையே. ஒரேயொரு வேறுபாடு: அதில் யாரும் சம்மதம் கேட்பதில்லை, யாரும் முடிவை எழுதி வைப்பதுமில்லை.

ஊசி சாதாரணமான காரியமும் அன்று. 1957 முதல் 1986 வரை பிரித்தானியாவில் இத்தகைய ஊசியால் 26 பேர் மரித்தனர் என்று அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு 1986இல் அறிவித்தது. எக்காரணத்துக்காக ஊசி போடப்பட்டது என்பது தெரிந்தவர்களுட் பெரும்பாலோர் ஆஸ்துமாக்காரர். உயிர் மீட்கும் வசதி உள்ள இடத்திலன்றி இனி இவ்வூசியைப் போடலாகாது, போட்ட பின் இரண்டு மணி நேரம் நோயாளியை வைத்துப் பார்க்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. தும்மலுக்கு மருந்து தேடிப் போனவர் உயிரிழப்பதா என்ற அந்தத் திகைப்பும், நாவின் கீழ் வைக்கும் குளிசையை நோக்கி ஆராய்ச்சி திரும்பியதற்கு ஒரு காரணம். வாயில் அரிப்பும் தொண்டையிற் கரகரப்பும் தருமாயினும், குளிசை ஊசியைவிடப் பாதுகாப்பானது. முதற் குளிசையை வைத்தியர் முன்னிலையில் வைத்து அரைமணி நேரம் பார்த்திருப்பார்கள்.

ஆகவே பரிசோதனை வேண்டும் என்பதில் ஐயமில்லை. பிளாக்லியைப் போலத் தம்முடலிற் செய்து பார்க்கும் வீரம் பாராட்டுக்குரியது. பிராங்லண்டும் ஒரு பூச்சியைத் தம் கையில் வாராவாரம் கடிக்கவிட்டு, இறுதியில் மரணத்தின் வாயில் வரை சென்று மீண்டவர்தான். ஆனால் ஓர் உடல் சொல்லும் சாட்சி ஓர் உடலுக்கே உரியது. பலருக்கும் பொருந்தும் உண்மையை அறியப் பலர் வேண்டும். அப்பலருள் அரைவாசிப் பேருக்கு வெறுமையைக் கொடுக்கவும் வேண்டும். இங்கேதான் மனச்சாட்சி குறுக்கிட்டுப் பேசுகிறது.

முதலில், இது பொய்யா? எந்தப் பொய்யும் ஆகாது என்றவர் புனித அகுஸ்தினார். மருந்தில்லாத குளிசையைக் கொடுத்து ‘இது மருந்து’ என்று வைத்தியர் சொன்னால் அது பொய். நோயாளிக்கு நன்மையாக முடிந்தாலும் பொய். ஆனால் பரிசோதனைக்கு வருபவரிடம் ‘உமக்குக் கிடைப்பது மருந்தாகவும் இருக்கலாம், வெறுங்குளிசையாகவும் இருக்கலாம், எனக்குந் தெரியாது, உமக்குந் தெரியாது’ என்று சொல்லப்படுகிறது. இருவரும் அறிந்தே ஒன்றை அறியாதிருக்க உடன்படுகின்றனர். இதில் ஏமாற்றப்பட்டவர் எவருமில்லை. இந்த வினாவில் எமக்குத் தயக்கம் இல்லை. சொல்லாமற் கொடுத்தாலோ, விளங்காத கடுதாசியிற் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தாலோ, அது வேறு கதை.

ஆனால் சம்மதம் இருந்தாற் போதுமா? நாற்சி முகாம்களில் வைத்தியர் செய்த கொடுமைகளின் பின், 1947இல் நூரம்பேர்க் நீதிமன்றம் மனமுவந்த சம்மதமின்றி மனிதர் மேற் பரிசோதனை கூடாது என்றது. 1952ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் வைத்திய அறிஞர்களுக்கு ஆற்றிய உரை இன்னும் ஓர் அடி முன் செல்கிறது. நோயாளியும் தன் உடலுக்கு முழு எசமானன் அல்லன். ஆகவே தன்னிடம் இல்லாத உரிமையை அவன் வைத்தியருக்குக் கொடுக்க முடியாது. மறுபுறம், சமுதாயத்தின் நன்மை என்று சொல்லி ஒருவனைப் பலியிடவும் முடியாது. கை உடலுக்காக இருக்கிறது. உடலைக் காக்கக் கையை வெட்டலாம். மனிதனோ சமுதாயத்துக்கு அப்படிப்பட்ட வெறும் உறுப்பு அல்லன். இதன் கருத்து யாதெனில், ‘அவர்தான் சம்மதித்தாரே’ என்பதும் போதாது. ‘ஆயிரம் பேருக்கு நன்மை வருமே’ என்பதும் போதாது. அவர் மேற் சுமத்தப்படும் சுமை எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

சுமை எல்லாப் பரிசோதனையிலும் ஒன்றல்ல. மகரந்த வருத்தத்தில் வெறுங்குளிசை பெற்றவருக்குத் தும்மலை அடக்கும் வழக்கமான மருந்துகள் மறுக்கப்படுவதில்லை. அவர் இழப்பது, கிடைத்திருக்கக்கூடிய ஒரு நன்மை மட்டுமே. ஆனால் 2016இல் வெளிவந்த சிற்றுண்ணிக் குளிசைப் பரிசோதனை ஒன்றைப் பாருங்கள். ஆஸ்துமா சரியாக அடங்காத வளர்ந்தோர் 834 பேர். சில மாதங்கள் குளிசையை எடுத்தபின், அவர்கள் உள்ளிழுத்து வந்த ஸ்ரெறொயிட் மருந்து முதல் மூன்று மாதம் பாதியாகக் குறைக்கப்பட்டது. அடுத்த மூன்று மாதம் முற்றாக நிறுத்தப்பட்டது. ஏன்? யாருக்கு எப்போது தொய்வு மிஞ்சுகிறது என்று பார்ப்பதற்கு! குளிசை பெற்றவருக்குத் தொய்வு மிஞ்சுவது குறைந்தது, நல்ல முடிவுதான். அந்த முடிவின் பலத்தில் நாளை பலர் மூச்சு விடுவார்கள். ஆனால் வெறுங்குளிசை பெற்றவர்? காவலும் போய், பதிலாக ஒன்றும் கிடையாமல், மூச்சு முட்டும் நாளை எதிர்பார்த்திருந்தவர் அவர்.

இதனைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. வளர்ந்தவர்கள் அறிந்து சம்மதித்தனர், வைத்தியர் அவதானித்தனர், வருத்தம் மிஞ்சினால் மருந்து உண்டு. முன்பின் அறியாத ஒருவன் நலம் பெறத் தன் மூச்சைப் பணயம் வைப்பதைத் தியாகம் என்று அழைக்கத் தடையில்லை. ஆனால் தியாகத்தை ஒருவன் தானாகவே செய்ய வேண்டும். அதை அவனிடமிருந்து வசதியாக எடுத்துக்கொள்ளலாகாது. கூலி வேலையில்லாதவன், வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாதவன், பரிசோதனையிற் சேர்ந்தாலாவது யாரோ கவனிப்பார்கள் என்று வருபவன் ஆகியோரின் சம்மதத்தை நாம் இருமுறை நிறுக்க வேண்டும். பிள்ளைகளிடத்திலோ இத்தகைய மருந்து நிறுத்தம் எக்காரணங்கொண்டும் தகாது என்பது எமது துணிபு.

இனிப் பிள்ளைகளின் வினா. ஆறு வயதுப் பிள்ளை தியாகம் செய்ய முடியுமா? அதற்காகத் தாய்தகப்பன் கையொப்பமிடலாமா? 1970களில் அமெரிக்காவில் இதுபற்றி இரு அறிஞர் வாதிட்டனர். மெதடிஸ்த சபையைச் சேர்ந்த போல் றாம்சி, பிள்ளைக்குப் பயனில்லாத ஆராய்ச்சியிற் பிள்ளையைச் சேர்ப்பதே அதனைப் பொருளாக்குவதாகும், ஆபத்து இல்லாவிடினும் கூடாது என்றார். யேசு சபைக் குரு றிச்சேட் மக்கோமிக் 1974இல் மறுமொழி எழுதினார். மற்றவர் நலத்தில் நம் எல்லோருக்கும் ஒரு சிறு கடன் உண்டு, பிள்ளையும் மனிதன், மிகச் சிறிய சிரமமும் ஆபத்தின்மையும் உள்ள இடத்தில், பேசத் தெரிந்தாற் பிள்ளை எதை விரும்ப வேண்டுமோ அதற்குப் பெற்றோர் அதன் சார்பிற் சம்மதிக்கலாம் என்றார்.

ஒரு குருவானவர் எழுதினார் என்பதற்காக அவர் பக்கம் சாய நாம் ஆயத்தமில்லை. ‘பிள்ளை இதை விரும்ப வேண்டும்’ என்று மூத்தவர்கள் தீர்மானிப்பது எவ்வளவு இலகு! வீட்டில் நாம் நாளும் செய்வது அதுதானே. றாம்சியின் கண்டிப்பில் ஒரு மதிற்சுவரின் பலம் இருக்கிறது. ஆயினும் அந்த மதிலைக் கடைசிவரை கட்டினால், பிள்ளைகளுக்கென்று சோதிக்கப்பட்ட மருந்தே இராது. வளர்ந்தோர் குளிசையைப் பாதியாக முறித்துக் கொடுத்துக் கடவுளே என்று பார்த்திருக்க வேண்டியதுதான். இங்கே அந்த 812 பிள்ளைகளுக்குத் திரும்புவோம். அவர்கள் நோயில்லாத பிள்ளைகள் அல்லர். அவர்களது வருத்தத்துக்கே மருந்து தேடப்பட்டது. சீட்டு விழுமுன் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வாய்ப்பு. கேட்கப்பட்ட வினாவும் உண்மையில் விடை தெரியாத வினா: மகரந்த ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இக்குளிசை ஆஸ்துமா வராமற் தடுக்குமா? விடை தெரிந்திருந்தால், 414 பிள்ளைகளிடமிருந்து மருந்தை மறைத்தது அநீதி. விடை தெரியாத இடத்தில் மறைக்கப்பட்டது எது என்று யாருக்குமே தெரியாது.

விடை எப்படி வந்தது? முதன்மையாகக் கேட்ட வினாவுக்கு, ‘இல்லை’ என்றே சொல்ல வேண்டும். ஆஸ்துமா தொடங்கும் காலத்தில் இரு பிரிவுக்குமிடையே போதிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் மருந்துக் குளிசை பெற்ற பிள்ளைகளில், ஆஸ்துமாவின் அறிகுறியும் அதற்கு மருந்தெடுக்கும் தேவையும் ஐந்து வருட முடிவிற் குறைவாக இருந்தன. இலண்டனில் 106 வளர்ந்தோரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட பரிசோதனையும் இப்படித்தான். இரண்டு வருடம் மகரந்தச் சிகிச்சை பெற்று நிறுத்தியவர்கள், மூன்றாம் வருடத்தில் வெறுமருந்து பெற்றவரைவிட மேலாக இருக்கவில்லை. இரண்டு வருடம் போதாது என்று அதனால் அறிந்தோம்.

‘இல்லை’ என்ற விடையை வெளியிடுவதில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. இப்பரிசோதனைகள் பலவற்றுக்குப் பணம் கொடுப்பது மருந்துக் கம்பனி. நல்ல முடிவை அச்சிடவும் கெட்ட முடிவை அலுமாரியில் வைக்கவும் கம்பனிக்கு ஆசை வருவது மனித இயல்பு. ஆனால் அந்த முடிவு கம்பனியின் உடைமையா? மூன்று வருடம் ஒன்றுமில்லாத குளிசையை நாவின் கீழ் வைத்த பிள்ளை கொடுத்தது பணமன்று. அது கொடுத்ததற்கு ஈடாக உலகம் பெற வேண்டியது உண்மை ஒன்றே. அதை மறைப்பவன் பிள்ளையின் மூன்று வருடத்தைத் திருடியவன். உலக வைத்தியர் சங்கம் 1964இல் ஆக்கிய ஹெல்சிங்கிப் பிரகடனம் இன்று, பயனற்ற முடிவுகளையும் வெளியிட வேண்டும் என்று கூறுகிறது. 2024இற் திருத்தப்பட்டபோது, பரிசோதனைக்கு உட்படுபவரைக் குறிக்க ‘பங்குபற்றுபவர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. ஒரு சொல்தான்; ஆனாற் பரிசோதிக்கப்படும் பொருளுக்கும் பங்கெடுக்கும் மனிதருக்கும் உள்ள தூரம் சிறிதன்று.

அதே 2024இற் சிற்றுண்ணிக் குளிசை பற்றிய பரிசோதனை ஒன்றின் முடிவும் வந்தது: 5 முதல் 11 வயது வரையான 1,460 பிள்ளைகள், ஏறத்தாழ ஒரு வருடம். மருந்து பெற்ற பிள்ளைகளுக்கு மூக்கு வருத்தம் குறைந்தது. இனி இக்குளிசை பல வீடுகளுக்குச் செல்லும். வெறுங்குளிசை பெற்ற அரைவாசிப் பிள்ளைகளும் அவ்வருடம் முழுவதும் ஒழுங்காகக் குளிசை வைத்தவர்களே. மருந்தின் வலிமையை உலகம் அளந்தது அவர்களை வைத்துத்தான். பரிசோதனை முடிந்தபின் பங்குபற்றியவருக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தொடங்குமுன்னரே ஒழுங்கு செய்து சொல்ல வேண்டும் என்று ஹெல்சிங்கிப் பிரகடனம் கேட்கிறது. நாமோ இன்னும் வெளிப்படையாகச் சொல்வோம்: பட்டியலைத் திறக்கும் நாளில், முதலாவது மருந்துப் பெட்டி சந்தைக்குப் போகுமுன் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போக வேண்டும், விலையின்றி. கையொப்பம் கேட்டு உங்களிடம் எவராவது வந்தால், வாசகரே, ஆபத்தைப் பற்றிக் கேட்ட பின் இதையும் கேளுங்கள். பின்பு பிள்ளையையும் கூப்பிட்டு அதற்கு விளங்கும் வார்த்தையிற் சொல்லிக் கேளுங்கள். அது வேண்டாம் என்று தலையசைத்தால், பேனையை மூடி வையுங்கள்.